மோட்டர்ஹோமில் முதல் கடலோர இரவு: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

ஈசூன்வாசி

நியூசிலாந்து தெற்குத் தீவு, கைகோரா பக்கம். கிறைஸ்ட்சர்ச்சில் வாடகை மோட்டர்ஹோமை (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி) எடுத்து வடக்கே சுமார் 180 கிலோமீட்டர். நானும் வீட்டுக்காரரும் மட்டும். நம்ம சிங்கப்பூர் லைசென்ஸ் செல்லுமா, எவ்வளவு வெள்ளி ஆகும், எந்த வண்டி நல்லது எல்லாம் இங்கே நிறைய பேர் எழுதியாச்சு. அதை விட்டுடுறேன். என் மனசில் கிடக்கிறது ஒரு ராத்திரி மட்டும்தான்.

அந்தக் கரையில் கடல், ரயில் பாதை, நெடுஞ்சாலை மூணும் பல இடத்தில் ஒட்டி ஒட்டியே போகும். அதுக்கு மேலே உடனே மலை. முகாமில் எங்களுக்குக் கிடைத்த இடம் கூழாங்கல் கரையிலிருந்து நாலு எட்டில். சாவி கொடுத்த அம்மா வரைபடத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டினாங்க. நிலம் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆடினாலோ, நிற்க முடியாத அளவு பலமா ஆடினாலோ, சுனாமி வரலாம், யாரும் சொல்வாங்கன்னு காத்திருக்காதீங்க, இந்த வழியா மேட்டுக்கு நடந்துடுங்கன்னு சொன்னாங்க. இவர் தலையாட்டிட்டு வரைபடத்தை மடிச்சு டேஷ்போர்டில் வச்சார்.

ராத்திரி சரக்கு ரயில் போனப்போ வண்டியே அதிர்ந்தது. அது பழகிடுச்சு. விடியறதுக்கு ரொம்ப முன்னாடி மறுபடி அதிர்வு. இந்தத் தடவை சத்தமே இல்லை. கொக்கியில் மாட்டியிருந்த குவளை அலமாரிக் கதவில் டக் டக்னு அடிக்குது, நிற்கவே இல்லை. ரயில்தான்னு சொன்னார். சத்தம் எங்கேன்னு கேட்டேன். அதுக்குள்ள வெளியே டார்ச் வெளிச்சம். பக்கத்து இடத்தில் இருந்த வயசான வெள்ளைக்காரத் தம்பதி கோட்டைப் போட்டுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. போற வழியில் அந்தம்மா எங்க ஜன்னலைத் தட்டி, வாங்க, எல்லாத்தையும் விட்டுட்டு வாங்கன்னு கூப்பிட்டாங்க.

நான் பாஸ்போர்ட் பையோட இறங்கிட்டேன். இவர் ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு வண்டிக்குப் பின்னால் போனார். கரண்ட் வயரைப் பிடுங்கினார், அதைச் சுருட்டினார், கேஸ் பெட்டியைத் திறந்து வால்வை மூடினார். நான் வாசல் பக்கம் நின்னு "என்னங்க, விடுங்க, வாங்க"ன்னு கத்தறேன். கடல் அவருக்கு முதுகுப் பக்கம். இருட்டில் அது எங்கே இருக்குன்னே தெரியலை, சத்தம் மட்டும்தான். அவர் குனிஞ்சு வயரைச் சுருட்டிக்கிட்டே இருக்கார்.

அலை வரலை. மேலே கொஞ்ச நேரம் எல்லாரும் குளிரில் நின்னோம். பக்கத்து ஐயா போனில் ஜியோநெட் (அந்த நாட்டு நிலநடுக்கத் தகவல் தளம்) பார்த்து, இது கடலில் இல்லை, நிலத்துப் பக்கம் நடந்ததுன்னு சொன்னார், இறங்கி வந்தோம். காலையில் இவர், "ஒண்ணும் நடக்கலையே, ஏன் இன்னும் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?"ன்னு கேட்டார். ஊருக்கு வந்தும் அதே பேச்சுதான். எனக்கு அந்த வயர் சுருட்டினது மட்டும் போகவே மாட்டேங்குது. வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

டீசல் டிரைவர்

உங்கள் கணவர் செய்ததில் பாதி சரி. கேஸ் வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் போவது ஆபத்து. அடுப்புக் குழாய் எங்காவது விட்டிருந்தால் வரிசையாக நிற்கும் அத்தனை வண்டியும் எரியும். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

செங்காங் ஜோடி

எங்களுடையது நிலநடுக்கம் இல்லை, காற்று. மேற்கு ஆஸ்திரேலியா, பெர்த்துக்கு வடக்கே செர்வான்டிஸ். ஊசிப் பாறைகள் பார்த்துவிட்டு வந்து கடற்கரை முகாமில் நிறுத்தினோம். மத்தியானம் நல்ல வெயில், பக்கவாட்டுப் பந்தலை முழுசாக விரித்து அதன் கீழே சமைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கரையில் கோடை காலத்தில் பிற்பகலானால் தெற்கிலிருந்து கடல்காற்று ஏறும் என்று தெரியும். ஆனால் அது இவ்வளவு வேகம் பிடிக்கும் என்று நம்ம சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் காற்றை வைத்துக் கணக்குப் போட முடியாது. பந்தல் ஒரே தூக்காகத் தூக்கி வண்டிக் கூரைமேல் மடங்கப் போனது. எதிர் வண்டியிலிருந்து ஒருவர் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து ஒரு கம்பியில் தொங்கினார். மறு கம்பியில் என் மனைவி. அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை. சுருட்டி முடித்ததும் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை நன்றி சொல்லத் தேடினேன், அந்த இடம் காலி. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பந்தல், கூரை, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் சாதாரணக் காப்புறுதிக்குள் வராது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

நாகை வேர்

டிரைவர் அண்ணே, கேஸ் வால்வுன்னு நீங்க சுலபமா சொல்லிட்டீங்க. எங்க அப்பா வழி நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை வீட்டில் எல்லாரும் இருந்தாங்க. பல வருஷம் கழிச்சுத்தான் அத்தைகிட்ட கேட்டேன், அன்னைக்கு நிலம் ஆடினது தெரிஞ்சதான்னு. லேசா தெரிஞ்சது, படுக்கையில் தலை சுத்தற மாதிரி இருந்ததுன்னு சொன்னாங்க. அதுக்கும் கடலுக்கும் தொடர்பு இருக்கும்னு அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தோணலை. சுமத்ராவிலிருந்து அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. அவ்வளவு நேரம் இருந்தும் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போயிட்டாங்க. இந்தியாவுக்குன்னு சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் வந்ததே 2007-ல்தான்.

கைகோரா அப்படி இல்லை. அங்கே நிலநடுக்கத்தை உண்டாக்கும் நிலப் பிளவுகள் கரைக்கு அடியிலேயே இருக்கு. இரண்டு மணி நேரம் கிடைக்காது, நிமிஷக் கணக்குதான். சைரன் ஊத, போனில் எச்சரிக்கை வர நேரமே இருக்காதுன்னுதான் அந்த ஊர்க்காரங்க, ஆட்டத்தையே எச்சரிக்கையா எடுத்துக்கச் சொல்றாங்க. அக்கா, நீங்க கத்தினது சரி. இதில் பாதி சரி, கால் சரி எல்லாம் கிடையாது.

பொங்கோல் அப்பா

கருவேப்பிலைப் பொடி கொண்டு போனீர்களா? நாங்கள் அடுத்த ஜூனில் போகிறோம், அதனால் கேட்கிறேன்.

ஈசூன்வாசி

அண்ணே, சாப்பாட்டுப் பொருள் எதுவா இருந்தாலும் வருகை அறிவிப்புப் படிவத்தில் எழுதிடுங்க. எழுதி, அவங்க வேண்டாம்னு சொன்னா எடுத்துக்குவாங்க, அதோட முடிஞ்சது. எழுதாமல் பையில் இருந்தா அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். நாங்க பருப்புப் பொடி, மிளகாய்த்தூள் எல்லாம் கடை பாக்கெட்டோட காட்டினோம், விட்டுட்டாங்க.

நாகை வேர், நீங்க எழுதினதை இவர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை.

டீசல் டிரைவர்

நாகை வேர் சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் 'எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடு' என்று எழுதுவது எளிது. ஒரு தடவை மலேசியா கிழக்குக் கரையில், மெர்சிங்குக்கு வடக்கே, வாடகை வண்டியில் தூங்கியபோது கேஸ் வாசம் அடித்து எழுந்தேன். மனைவி தூக்கத்திலேயே இருமிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்து மணலில் உட்கார வைத்தேன். என் அனுபவம் இவ்வளவுதான்.

அதிலிருந்து செய்வதைச் சொல்கிறேன், முதல் தடவை போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சமையல் முடிந்த உடனே சிலிண்டர் வால்வை மூடுங்கள். இரவு முழுக்க மூடியே இருக்கட்டும். முகாமில் மின்சாரம் இருக்கும்போது குளிர்பதனப் பெட்டிக்குக் கேஸ் தேவையில்லை. வெப்பத்துக்கு முகாம் மின்சாரத்தில் ஓடும் சின்ன ஹீட்டரோ டீசல் ஹீட்டரோ பயன்படுத்தலாம். வண்டியைப் பின்னால் ஏற்றி, முகம் சாலையைப் பார்த்தபடி நிறுத்துங்கள். பகலில் உங்களுக்குக் கடல் காட்சி பின் ஜன்னலில் தெரியும், ஒன்றும் குறையாது. சாவி, பாஸ்போர்ட், மருந்து ஒரே பையில், கதவு பக்கக் கொக்கியில். கட்டிப் போடும் காலணியை இருவரும் படுக்கைக்குக் கீழேயே வையுங்கள். கூழாங்கல்லில் சப்பாத்து இல்லாமல் இருட்டில் நடக்க முடியாது. தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று. கழிவுத் தொட்டியை நிரம்பும்வரை விடாமல் தினம் காலையில் காலி செய்யுங்கள். அது நிலநடுக்கத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன், நிரம்பிய தொட்டியைத் தூக்கி நடப்பது முதுகுக்குக் கேடு. நியூசிலாந்தில் டீசல் வண்டிக்கு ஓடிய கிலோமீட்டருக்குச் சாலைக் கட்டணம் தனியாக உண்டு. டீசல் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் கடைசி நாளில் பில் கூடுதலாக வரும்.

வால்வு முன்பே மூடியிருந்தால் அந்த இரவு உங்கள் கணவருக்கு வேலையே இருந்திருக்காது.

நாகை வேர்

இதைத்தான் அண்ணே முதலிலேயே சொல்லியிருக்கலாம். வயர் விஷயம் என்ன ஆச்சு? அதைச் சுருட்டினாரே.

டீசல் டிரைவர்

வயரைச் சுருட்டியது தேவையற்றது. அதை ஒத்துக்கொள்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டே போகலாம் என்று நினைத்திருப்பார். எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும், காலடியில் சக்கரம் இருக்கும்போது யார் நடப்பார்?

கிறைஸ்ட்சர்ச்சில் படித்தவன்

நடக்கத்தான் சொல்கிறார்கள், அண்ணே. அங்கே இருந்தபோது பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது இது: முடிந்தவரை நடந்தோ ஓடியோ சைக்கிளிலோ போ, காரை எடுக்காதே. ஒரே வாசல் வழியாக எல்லாரும் வண்டியை எடுத்தால் எல்லாரும் அங்கேயே சிக்கிக்கொள்வார்கள். சாலையே பிளந்திருக்கவும் கூடும். 2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிஷம், கைகோரா பக்கம் 7.8 அளவு நிலநடுக்கம். நான் அப்போது விடுதியில் இருந்தேன். அங்கிருந்து அவ்வளவு தூரத்திலேயே அறை நின்றபாடில்லை, ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி ஆடியது. கைகோராவில் மலை சரிந்து ரயில் பாதையும் சாலையும் மூடிவிட்டன. முதலாம் எண் நெடுஞ்சாலையின் வடபகுதி திறக்க 2017 டிசம்பர் ஆனது. அந்த ஊரில் கடலடிப் பாறையே மேலே எழும்பி வந்து நின்றது, இப்போதும் கரையில் பார்க்கலாம். அப்படிப்பட்ட இரவில் ஒரு பெரிய மோட்டர்ஹோமை வைத்துக்கொண்டு எங்கே திரும்புவீர்கள்?

ஈசூன் அக்கா, அந்த வயசான தம்பதி ஒரு நிமிஷம் ஆகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவர்கள் 2016-ஐப் பார்த்தவர்களாக இருப்பார்கள்.

ஈசூன்வாசி

ஆமாம் தம்பி, அந்தம்மாவே மேலே நிக்கறப்போ சொன்னாங்க. அன்னைக்கு அவங்க ராத்திரி முழுக்க மேட்டில்தான் இருந்தாங்களாம். சந்தேகம் வந்தா போயிடறது, நூறு தடவை சும்மா போனாலும் பரவாயில்லைன்னாங்க.

இவர்கிட்ட நேத்து மறுபடி கேட்டேன். மறுபடி நடந்தா என்ன செய்வீங்கன்னு. கேஸை மூடிட்டுத்தான் வருவேன்னு சொல்றார். ராத்திரியே மூடி வச்சுட்டா? அப்போ பார்க்கலாம்னு சொல்றார். டிசம்பரில் நியூசிலாந்து வடக்குத் தீவில், நேப்பியர் பக்கம் கடற்கரையில் இடம் பார்த்துக்கிட்டு இருக்கார், அதுவும் அவர்தான். எனக்குப் போகணும்னுதான் ஆசை. ஆனால் அந்த வாசல்ல மறுபடி தனியா நின்னு கத்த என்னால் முடியாது.

கிறைஸ்ட்சர்ச்சில் படித்தவன்

அப்படியானால் ஒன்று செய்யுங்கள் அக்கா. சாவி வாங்கிய கையோடு, வண்டியை இடத்தில் நிறுத்துவதற்கு முன்பே, வரைபடத்தில் காட்டிய வழியில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மேடு வரை நடந்து பாருங்கள். அவர் கையிலேயே கைப்பேசிக் கடிகாரத்தைக் கொடுங்கள். வெளிச்சத்தில், நல்ல சப்பாத்தோடு, ஆட்டம் எதுவும் இல்லாமல் எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அவரே சொல்லட்டும். அந்த எண்ணைக் கேட்டபிறகு வயருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று இருவரும் பேசுங்கள். நேப்பியர் கரை தட்டை, மேடு எல்லா இடத்திலும் பக்கத்தில் இல்லை. அதனால் பதிவு செய்யும் முன்பே முகாம்காரர்களிடம் வழியைக் கேட்டுவிடுங்கள். நடந்து போகும் தூரத்தில் மேடு இல்லாத இடமாக இருந்தால் வேறு முகாம் பாருங்கள்.