தங்கச்சிக்கு ஏ/எல் (உயர்தரம்) உயிரியல் பிரிவில் பி, சி, எஸ்: இரண்டாந்தரம் எழுதுவதா, கிடைப்பதை எடுப்பதா?

வன்னி அக்கா

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி இந்த முறைதான் முதற்தரம் உயர்தரம் எழுதினவள். உயிரியல் பிரிவு, தமிழ் மொழிமூலம், முல்லைத்தீவு மாவட்டம். உயிரியல் பி, இரசாயனவியல் சி, பௌதிகவியல் எஸ் (சாதாரண சித்தி). ரிசல்ட்ஸ் வந்த அன்றிலிருந்து வீட்டில் ஒருவரோடு ஒருவர் சரியாகக் கதைக்கிறதில்லை. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் அவள் பாஸ் பண்ணின நாளிலிருந்து அப்பாவுக்கு அவள் டொக்டராக வரவேண்டும் என்று ஆசை, இன்னும் இரண்டு தரம் இருக்குதானே, யாழ்ப்பாணத்தில் ரூம் எடுத்து விடுகிறேன், எழுதட்டும் என்கிறார். அம்மா போதும் என்கிறார். அவள் வினாத்தாள் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

நான் ஓ/எல் (சாதாரண தரம்) உடன் நின்றவள், இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி (கம்பஸ் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி) எல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். இரண்டாந்தரம் எழுதுவது என்றால் இந்த முறை கம்பஸ் (பல்கலைக்கழக) விண்ணப்பம் போடத் தேவையில்லையா? போட்டால் பிறகு மெடிசினுக்குப் போக முடியாமல் போகுமா? உயிரியல் படித்த பிள்ளைக்கு மெடிசினை விட்டால் உண்மையாக என்னதான் இருக்கு? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மூன்று தரம்

அக்கா, நானும் உயிரியல்தான், மூன்று தரமும் எழுதினவன், இப்போது விவசாயம் படித்து முடித்து வேலையில் இருக்கிறேன். முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள். இதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி, பொதுச் சாதாரண பரீட்சையில் (உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுத் தாள்) 30க்குக் குறையாத புள்ளி, இந்த இரண்டும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அந்தப் பொதுப் பரீட்சையை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை, என்னோடு படித்த ஒருவன் அதில் 28 எடுத்து அந்த வருடம் வெளியில் நின்றவன், ஆகவே தங்கச்சியின் பெறுபேற்றுத் தாளில் அதை இப்போதே பாருங்கள்.

விண்ணப்பம் போடுவதால் இரண்டாந்தரம் எழுதுவதற்கு ஒரு தடையும் இல்லை. தெரிவாகி, பல்கலைக்கழகத்தில் போய்ப் பதிந்து, பிறகு அடுத்த தரத்துப் பெறுபேற்றை வைத்து இன்னொரு கற்கைநெறிக்கு மாறலாம் என்று நினைப்பதுதான் சிக்கல். பதிவதற்கு முன்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். கைந்நூல் தமிழிலும் வரும்.

நான் முதற்தரத்தில் விண்ணப்பமே போடவில்லை. மெடிசின் இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்ற வீம்பு. மூன்றாந்தரத்துப் பெறுபேற்றோடு விவசாயத்துக்குத்தான் போனேன், முதற்தரத்திலேயே அது கிடைத்திருக்கும் என்பது பிறகு அந்த வருட வெட்டுப்புள்ளியைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. இரண்டு வருடம் அக்கா. என் வயதுக்காரர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்க நான் பேப்பர் கிளாஸ் வாசலில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தேன்.

பௌதிகவியல் ரீச்சர்

தங்கச்சியின் மூன்று எழுத்துகளையும் வைத்து ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம் பிள்ளை. எஸ் என்பது 35இலும் இருக்கலாம், 54இலும் இருக்கலாம். சரியான புள்ளியைத் தரமாட்டார்கள், ஆனால் தாளில் இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை மூன்றும் இருக்கும். அவற்றில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இசட் புள்ளி பெரிய மந்திரம் இல்லை. ஒரு பாடத்தில் எழுதினவர்களின் சராசரி 45, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 15 என்று வையுங்கள். 75 எடுத்த பிள்ளைக்கு, 75இல் 45ஐக் கழித்து 15ஆல் பிரித்தால், அந்தப் பாடத்தில் இசட் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 10 என்றால் அதே 75க்கு 1.5தான் வரும். கடைசியில் மூன்று பாடத்தினதையும் கூட்டி மூன்றால் பிரிப்பார்கள். அதனால் ஒரு பாடம் கீழே கிடந்தால் மற்ற இரண்டையும் அது இழுத்துக்கொண்டு வரும், அதுவே மேலே வந்தால் மொத்தமும் நன்றாக ஏறும்.

எனக்குத் தெரிந்த உயிரியல் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் பௌதிகவியலில்தான் விழுகிறார்கள். கணிதப் பிரிவுப் பிள்ளைகள் எழுதும் அதே வினாத்தாளைத்தான் இவர்களும் எழுதுகிறார்கள், அங்கே இணைந்த கணிதம் தினமும் கை பழக்கிவிடும், இங்கே அந்தப் பழக்கம் இல்லை. பல்தேர்வு 50 கேள்வி, 2 மணித்தியாலம், ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. தங்கச்சியிடம் கேளுங்கள்: வீட்டில் கடந்தகால வினாத்தாள் செய்தபோது மணிக்கூடு வைத்துச் செய்தாளா, இடையில் விடையைத் திருப்பிப் பார்த்தாளா? ரியூசன் கொப்பி நிறைய விடை இருக்கும், அதில் பிள்ளை தானாகச் செய்தது எது, சேர் பலகையில் எழுதினதைப் பார்த்து எழுதினது எது என்று பிள்ளைக்கே தெரியாது. யாழ்ப்பாணத்தில் ரூம் எடுப்பதற்கு முன்னர் இதைப் பார்க்க வேண்டும். இடம் மாறினால் நேரம் பிடிக்கும் பழக்கம் தானாக வராது.

இரண்டாந்தரம் எழுதலாம். பௌதிகவியல் மட்டும்தான் குறை, விளங்காத அலகு இன்னின்னது என்று அவளால் பெயர் சொல்ல முடிந்தால் எழுத வைக்கலாம். "எல்லாமே ஒருமாதிரித்தான்" என்று சொன்னாள் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

வன்னி அக்கா

ரீச்சர், மிகவும் நன்றி. பொதுப் பரீட்சையில் 47, அது பரவாயில்லை. கேட்டேன், மணிக்கூடு வைக்கவில்லையாம். ஒரு கேள்விக்கு விடை வரும்வரை இருந்து செய்வாளாம். இன்னொன்று, மாவட்டக் கோட்டா என்று அப்பா சொல்லிக்கொண்டு இருக்கிறார், முல்லைத்தீவு என்றால் குறைந்த புள்ளிக்கே மெடிசின் கிடைக்கும் என்கிறார். உண்மையா?

கைதடி

தங்கச்சி போலத்தான் நானும், உயிரியல், இரண்டாந்தரம், இப்போது சித்த மருத்துவம் இறுதி வருடம். அப்பா சொல்வதில் பாதி சரி. விஞ்ஞானப் பிரிவுகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அந்த 16இல் ஒன்று. ஆனால் சனத்தொகை குறைந்த மாவட்டம் என்பதால் இடமும் சிலதுதான், அந்தச் சில இடத்துக்குள் முன்னுக்கு நிற்கவேண்டும். தாளில் இருக்கிற மாவட்ட நிலையைப் பார்த்தால் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே விளங்கும். போன வருடங்களின் வெட்டுப்புள்ளி மாவட்டவாரியாக வெளியிடப்பட்டிருக்கு, மூன்று நான்கு வருடத்தை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதி அப்பாவின் கையில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் சித்த மருத்துவம் எத்தனை வருடம் என்று கேட்டார்.

உயிரியலில் இருந்து போகக்கூடிய இடங்கள் அக்கா கேட்டீர்கள். பல் மருத்துவம், பேராதனையில் கால்நடை மருத்துவம் இரண்டுக்கும் புள்ளி கூட வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம், யாழ்ப்பாணத்தில் தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்றால் இங்கே கைதடியும் திருகோணமலை வளாகமும். கம்பஸ் ஒன்றும் கிடைக்காவிட்டால் கல்வியியற் கல்லூரி இருக்கு, இரண்டு வருடம் உள்ளே தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, பிறகு ஆசிரியர் நியமனம். எங்கள் பக்கப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாமல் இருக்கிறது உங்களுக்கே தெரியும்.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை யோசித்துப் போடுங்கள். மேலே போட்டது கிடைத்தால் கீழே இருக்கிறதைப் பார்க்கவே மாட்டார்கள். போக மனமில்லாத ஒன்றை "சும்மா கிடக்கட்டும்" என்று மேலே போட வேண்டாம். அப்புறம், ரிசல்ட்ஸுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் நிறைய மாதம் வரும், அந்த நேரத்தில் ஆங்கிலம் படிக்கட்டும். இவ்வளவு நாளும் தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் வருட விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும்போது ஏற்படுகிற பயம் பெரியது, நான் முதல் மூன்று மாதம் விரிவுரை முடிய அறைக்கு வந்து அகராதியும் கையுமாக இருந்தேன்.

மூன்று தரம்

கைதடி சொன்னதோடு ஒன்று: தங்கச்சிக்கு எது பிடிக்கும் என்று இந்தப் பதிவில் எங்கேயும் இல்லை அக்கா. அப்பாவின் ஆசை இருக்கு, அம்மாவின் களைப்பு இருக்கு. அவளைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள், வீட்டில் வைத்துக் கேட்டால் சொல்லமாட்டாள்.

வன்னி அக்கா

நேற்றுப் பின்னேரம் குளக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, இரசாயனவியல் செய்முறை பிடிக்கும், ஆய்வுகூடத்தில் வேலை என்றால் சந்தோஷம், ஆனால் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று அழுதாள். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று ஒன்று இருக்காம் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள், அவளுக்கே அது தெரியவில்லை.

விண்ணப்பம் போடுகிறோம். வெட்டுப்புள்ளித் தாளை நான் எழுதி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அப்பா நிற்கும்போது கொடுப்பேன். இன்று காலை ரீச்சர் சொன்னபடி மணிக்கூடு வைத்து பௌதிகவியல் பல்தேர்வு ஒன்று செய்தாள், பக்கத்தில் நான் இருந்தேன். 2 மணித்தியாலம் முடியும்போது 38ஆவது கேள்வியில் நின்றாள். செய்ததில் 29 சரி. மிச்சம் 12ஐப் பிறகு ஆறுதலாகச் செய்யவிட்டேன், அதிலும் 8 சரி. ரீச்சர், இதை வைத்து என்ன சொல்வீர்கள்?

பௌதிகவியல் ரீச்சர்

பிள்ளைக்குப் பாடம் தெரியும். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டாந்தரத்துக்கும் பதியுங்கள், ரூம் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். கிழமைக்கு இரண்டு பல்தேர்வு, மணிக்கூடு வைத்து. முதல் சுற்றில் இரண்டு நிமிடத்துக்குள் வராத கேள்விக்கு ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தாண்டச் சொல்லுங்கள், கடைசிக் கேள்விவரை போய்விட்டுத் திரும்பி வரட்டும். அடுத்த வினாத்தாளில் எத்தனையாவது கேள்விவரை போனாள் என்று இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.