வேலை இல்லாத நேரத்தில் மனைவியை கனடாவுக்கு ஸ்பான்சர் செய்யலாமா?

பேஸ்மென்ட்வாசி:
பிப்ரவரியில் லே-ஆஃப், இப்போது இ.ஐ. (வேலை இழந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) பணத்தில்தான் ஓடுகிறது. நான் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை உள்ளவன்), அண்ணன் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறேன். கல்யாணமாகி எட்டு மாதம், மனைவி ஊரில். படிவத்தில் தற்போதைய வேலை என்ன என்று கேட்கும் கட்டத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். "அனுப்பிட்டீங்களா?" என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம் ஸ்கேன் சரியில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். ஏஜென்ட் ஒருவர் மூன்று வருட வருமானம் காட்டாமல் முடியவே முடியாது என்கிறார். அண்ணனை என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடும் கோ-சைனராகப் போடலாமா?

குளிர்பழகியவன்:
தம்பி, உங்கள் ஏஜென்ட் அப்பா அம்மாவை ஸ்பான்சர் செய்வதோடு குழப்பிக்கொள்கிறார். மூன்று வருட வருமானக் கணக்கு அவர்களுக்குத்தான். மனைவிக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று கிடையாது. தடையாக வருவது வெல்ஃபேர். உடல் இயலாமை தவிர வேறு காரணத்துக்காக சமூக உதவிப் பணம் வாங்கினால் ஸ்பான்சர் செய்ய முடியாது, இ.ஐ. அந்தக் கணக்கில் வராது. ஆனால் இ.ஐ. முடிந்ததும் கைச்செலவுக்கு என்று ஒன்டாரியோ வொர்க்ஸ் (ஒன்டாரியோ மாகாண வெல்ஃபேர்) பக்கம் போய்விடாதீர்கள், விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து முடிவு வரும்வரை தகுதி இருக்க வேண்டும். அப்புறம், அண்ணன் கோ-சைனராக முடியாது. உறவினரையோ நண்பரையோ கூட்டு ஸ்பான்சராகப் போடுவதெல்லாம் அமெரிக்காவில்.

இரண்டுகோட்:
நான் வேலை இல்லாமல்தான் போட்டேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் 'வேலையில்லை' என்றே எழுதினேன். வேலை எப்போது போனது, எங்கே தங்குகிறேன், யார் வாடகை கொடுக்கிறார்கள், என்ன வேலை தேடுகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம். கூடவே வரி நோட்டீஸ், வங்கிக் கணக்கு. வருமான வரம்பு இல்லை என்பதற்காக அதிகாரி கண்ணை மூடிக்கொள்ள மாட்டார், வருகிறவர் எப்படிச் சாப்பிடுவார் என்று அவர் கேட்கலாம், கனடா குடிவரவுச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. அதனால் அண்ணனிடம் 'இருவரும் இங்கே தங்கலாம்' என்று ஒரு கடிதம் வாங்குங்கள். கடன் வாங்கிக் கணக்கில் போட்டு இருப்பு காட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், திடீரென்று வந்த பெரிய தொகைதான் முதலில் கண்ணில் படும்.

பேஸ்மென்ட்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. வேலைதான் இல்லையே, முடிவு வரும்வரை ஊருக்குப் போய் அவளோடு இருந்துவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை.

குளிர்பழகியவன்:
ஐயோ, அதைச் செய்யாதீர்கள்! சிட்டிசன் என்றால் வெளிநாட்டில் இருந்துகொண்டே போடலாம், அவள் பி.ஆர். ஆனதும் இங்கே வந்து வாழ்வோம் என்று காட்டினால் போதும். பி.ஆர். இங்கே வசிக்க வேண்டும். சும்மா பார்த்துவிட்டு வருவது வேறு, டிக்கெட்டையும் போட்டோவையும் பத்திரமாக வையுங்கள், அதுவும் கோப்பில் சேர்க்கத்தான். இன்னொன்று, நீங்கள் கையெழுத்துப் போடுவது அவள் பி.ஆர். ஆன நாளிலிருந்து மூன்று வருடப் பொறுப்புக்கு. இடையில் அவள் வெல்ஃபேர் எடுத்தால் அந்தப் பணத்தை உங்களிடம்தான் கேட்பார்கள், பிரிந்துபோனாலும் விடமாட்டார்கள்.

பேஸ்மென்ட்வாசி:
சரி அண்ணா. கட்டத்தில் எழுதிவிட்டேன். கடிதம் இன்று இரவு. ஸ்கேன் சரியாகிவிட்டது என்று அவளிடமும் சொல்லியாயிற்று.