தோள்பட்டை வலிக்கு ஏப்பமா?

தையல்நாலு: நேத்து நிலாமுற்றம் எழுதினது: "சின்ன ஓட்டை போட்டு செய்யற லேப்ராஸ்கோப்பியில கர்ப்பப்பை எடுத்தா வலியே கிடையாது. தோள்பட்டை வலிச்சா வாயுதான், ரெண்டு ஏப்பம் விட்டா போயிரும்." ஏப்பமா? ரெண்டாம் நாள் எனக்குத் தையலைவிட வலது தோள்தான் உயிரை எடுத்துச்சு. படுத்தா அடங்கும், எழுந்து உக்காந்தா குத்தும். வயித்தை உப்ப வைக்க உள்ள விடறது கார்பன் டை ஆக்ஸைடுங்க. அது நிக்கிறது குடலுக்கு வெளிய, வாய்க்கு வர வழியே இல்ல. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசை, உதரவிதானத்தை உறுத்துது, அந்த நரம்பு கழுத்துலேர்ந்து வர்றதால வலி தோள்ல தெரியுது.

நிலாமுற்றம்: நான் விட்டேன், போச்சு. அனுபவத்தைச் சொன்னா தப்பா?

தையல்நாலு: ரெண்டு மூணு நாள்ல ரத்தத்துல கரைஞ்சு மூச்சு வழியா தானா போயிருக்கும். பேரு ஏப்பத்துக்கு.

பழையநர்ஸ்: ஆபரேஷன் முடியறப்பவே அந்தக் காத்தை நல்லா வெளியேத்திட்டா தோள்வலி குறையும். அப்புறம், வலி வந்தப்புறம் மாத்திரை தேடாதீங்க. டாக்டர் சொன்ன நேரத்துக்கு பாரசிட்டமால், ஒத்துக்கிறவங்களுக்கு இபுப்ரோஃபென். அல்சர், கிட்னி கோளாறு இருந்தா இபுப்ரோஃபென் வேணாம்.

தையல்நாலு: மாத்திரையை யாரு கேட்டா மேடம்? ஏப்பத்துல போகுமா போகாதா, அதைச் சொல்லுங்க.

பழையநர்ஸ்: குடல் வாயு வேற, இது வேற. ஆனா அந்த அம்மாவை இப்படி விரட்டணுமா? போன மாசம் காய்ச்சல் இழையிலயும் நீங்க இதையேதான் செஞ்சீங்க.

தையல்நாலு: அங்கயும் நான் சொன்னதுதான் சரி.

சும்மாஒருவன்: ஒரு சின்ன ஓட்டைக்கு இவ்வளவு அலப்பறையா?

நிலாமுற்றம்: வாங்க சார், உங்க கர்ப்பப்பையை எப்ப எடுத்தாங்க?

தையல்நாலு: ஓட்டை ஒண்ணு இல்ல, எனக்கு நாலு. பேரே அதுதான். வெளிய சின்னதுதான், உள்ள அறுத்தது அறுத்ததுதானே?

புதுவரவு: எனக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். வலிக்கு டிரமடால்னு மருந்து குடுத்தா மலச்சிக்கல் வருமா?

பழையநர்ஸ்: வரலாம்மா, குமட்டலும் வரலாம். மலமிளக்கி முன்னாடியே கேட்டு வாங்கிக்கோ. இருமும்போது வயித்துல தலையணையை அணைச்சுப் பிடி. நாளுக்கு நாள் வலி குறையணும். கூடிட்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

நிலாமுற்றம்: சுடுதண்ணி குடிச்சு ஏப்பம் விடும்மா, நல்லா இருக்கும்.

தையல்நாலு: மறுபடியும் ஏப்பமா!