பிளேட்ல ஓட்டை: கணக்குல 150, ஆன்சிஸ்ல 157, எது தப்பு?

மூணாம்வருஷ மெக்:
மக்களே ஒரு டவுட். 100 மிமீ அகலம், 10 மிமீ தடிமன் ஸ்டீல் பிளேட், நடுவுல 20 மிமீ ஓட்டை, 50 கிலோநியூட்டன் வச்சு இழுக்கறேன். ஓட்டைக்கு தள்ளி ஸ்ட்ரெஸ் (ஒரு சதுர மிமீக்கு எத்தன நியூட்டன்ங்கறது) 50 எம்பிஏ, ஓட்டை போட்ட பிளேட்டுக்கான கிர்ஷ் ஃபார்முலாபடி ஓட்டையோட பக்கவாட்டு ஓரத்துல மூணு மடங்கு, 150 வரணும், ஆனா ஆன்சிஸ் சாஃப்ட்வேர்ல சிமுலேட் பண்ணா 157 காட்டுது, மெஷ்ஷ (பிளேட்ட துண்டு துண்டா பிரிக்கற வலைய) எவ்ளோ பொடிசாக்கினாலும் அங்கயே நிக்குது. அதவிட குழப்பம், இழுக்கற திசைல இருக்கற ஓரத்துல மைனஸ் 55 கிட்ட வருது. இழுக்கற பிளேட்ல அமுக்கம் எங்கருந்துங்க வரும்? நாளைக்கு ரிவ்யூ, சார் கண்டிப்பா அதத்தான் நோண்டுவார்.

சும்மா_ஒருத்தன்:
ஓட்டை போக மிச்சம் 80 மிமீதான ப்ரோ, 50000 வகுத்தல் 800, 62.5தான் வரும். மூணு மடங்கெல்லாம் ஓவர்.

பழைய டிசைனர்:
62.5ங்கறது சராசரி தம்பி, ஓரத்துல அது இல்ல. கிர்ஷ் 1898ல போட்ட கணக்கு அகலத்துக்கு எல்லையே இல்லாத பிளேட்டுக்கு, உங்களுது ஓட்டையே அகலத்துல அஞ்சுல ஒரு பங்கு. அகலம் கம்மியான பிளேட்டுக்கு இருக்கற ஹெய்வுட் சூத்திரம் போடுங்க: 1ல 0.2 கழிச்சா 0.8, அத க்யூப் பண்ணி 2 கூட்டுனா 2.512, மேல அவர் சொன்ன 62.5ஆல பெருக்குனா 157. ஆன்சிஸ் சரியாதான் சொல்லுது. இந்த உச்சமும் ஓரத்தோட சரி, கிர்ஷ் கணக்குல சென்டர்லருந்து ஒரு விட்டம் தள்ளி போனாலே தூரத்து ஸ்ட்ரெஸ்ல 1.22 மடங்குக்கு இறங்கிடும். அதனால மைல்ட் ஸ்டீல்ல ஒருதடவ இழுத்தா பெருசா ஒண்ணும் ஆகாது, விட்டு விட்டு லோடு வந்தாதான் விரிசல் அங்க ஆரம்பிக்கும்.

பட்டறைக்காரன்:
மைனஸுக்கு கணக்கே வேணாம்யா. பழைய சைக்கிள் டியூப்ப பட்டையா வெட்டி நடுவுல ஒரு ஓட்டை போட்டு இழுத்து பாரு. ஓட்டை இழுக்கற பக்கம் நீண்டு முட்டை மாதிரி ஆகும், பக்கவாட்டுல ஒடுங்கும், அப்போ அந்த ரெண்டு முனையும் குறுக்கால நெரிபடும்ல, அதான் உன் மைனஸ்.

மூணாம்வருஷ மெக்:
அண்ணா செஞ்சு பாத்தேன், முனைல ரப்பர் புடைச்சுக்கிட்டு எழும்புது!! அப்போ நாலு பக்கமும் சமமா இழுத்தா?

பழைய டிசைனர்:
எல்லையில்லா பிளேட்னா ஒரு பக்க இழுப்போட 3ம் இன்னொரு பக்கத்தோட மைனஸ் 1ம் ஒரே இடத்துல சேரும். சுத்தி எங்கயும் 2 மடங்குதான்.