கேக் வியாபாரத்துக்கு எந்த சோஷியல் மீடியா டூல் எடுக்கலாம்? காசு கட்டத்தான் வேண்டுமா?

கோண்டாவில் கேக்காரி:

வணக்கம். நானும் தங்கச்சியும் வீட்டில் கேக் அடித்து விற்கிறோம். கூடவே பூங்கொத்து, பலூன் எல்லாம் சேர்த்து வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் உண்டு. ஓடர் தருகிறவர்களில் பாதிப்பேர் கனடா, லண்டன், பாரிஸ். அம்மா கொக்குவிலில், மகன் ரொறன்ரோவில், காசு அங்கிருந்து, கேக் இங்கிருந்து, உங்களுக்குத் தெரிந்த கதைதான். பேஸ்புக் பக்கம், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக், வட்ஸ்அப் நாலும் ஒரே போனில். அந்தப் போன் யார் கையில் இருக்கிறதோ அவள்தான் அன்றைக்கு முதலாளி.

போன மாதம் ஒரு அண்ணா தன் அம்மாவின் 60ஆவது பிறந்தநாளுக்கு இன்ஸ்ரகிராமில் கேட்டிருக்கிறார். புது ஆள் என்றபடியால் அது ரிக்குவெஸ்ட் பகுதிக்குள் போய்க் கிடந்தது. நாங்கள் கண்டபோது பிறந்தநாள் முடிந்து இரண்டு நாள். அன்றைக்கே முடிவெடுத்தோம், ஒழுங்கான டூல் ஒன்று எடுப்பது என்று. கொழும்பில் இருக்கிற மச்சாள் ஹூட்சூட் என்ற டூலை எடு என்கிறாள், ஒரு வருடத்துக் காசைக் கூட்டிப் பார்த்தேன், புது ஓவனே வாங்கலாம் போல. பஃபர் என்ற டூல் எப்படி? இலவசமாக ஏதும் உண்டா? நேரம் குறித்துப் போஸ்ற் போட வேண்டும், தமிழ் எழுத்து உடையாமல் வர வேண்டும்.

ஆறு பக்கம் ஓட்டுகிறவன்:

தங்கச்சி, நீங்கள் கேட்கிறது ஒன்று, சொன்ன கதை வேறொன்று. நேரம் குறித்துப் போஸ்ற் போடுகிற டூல் பத்து வாங்கினாலும் அந்த அண்ணாவின் செய்தி அங்கேயேதான் கிடந்திருக்கும். உங்களுக்கு ஓட்டை இன்பொக்ஸில். முதலில் அதை அடையுங்கள்.

பேஸ்புக் நிறுவனமே தருகிற மெற்றா பிஸ்னஸ் சூட் இலவசம். இன்ஸ்ரகிராமைத் தொழில் கணக்காக மாற்றிப் பேஸ்புக் பக்கத்தோடு இணைத்தால் இரண்டின் செய்திகளும் கொமென்ற்களும் ஒரே இடத்தில் வரும், இரண்டுக்கும் போஸ்ற் நேரம் குறித்தும் வைக்கலாம். தங்கச்சிக்கு அவளுடைய பேஸ்புக் கணக்கிலேயே அனுமதி கொடுக்கலாம், பாஸ்வேர்டைத் துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்ட வேண்டியதில்லை (சிரிக்காதீர்கள், நான் பார்க்கிற ஒரு கடையில் இன்னும் அப்படித்தான்). ஆனால் ரிக்குவெஸ்ட் பகுதியைக் காலையும் மாலையும் நீங்களே திறந்து பாருங்கள், அந்த விஷயத்தில் எந்த டூலையும் நம்பி இருக்காதீர்கள்.

இந்தச் சூட்டுக்குள் ரிக்ரொக் வராது. அதற்குத்தான் பஃபர். இலவசத் திட்டத்தில் மூன்று கணக்கு இணைக்கலாம், ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் பத்துப் போஸ்ற் வரிசையில் நிற்கும். வீட்டில் கேக் அடிக்கிற இரண்டு பேருக்கு இது தாராளம். ஹூட்சூட் பெரிய அணிகளுக்கு, அதன் இலவசத் திட்டத்தையும் 2023இல் நிறுத்திவிட்டார்கள்.

காசு கட்டுவதைப் பற்றி ஒன்று. நான் 2022இல் ஒரு டூலுக்கு டொலரில் கட்டிக்கொண்டிருந்தேன். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாச் சொச்சம், மே மாதம் 360. டூல் அதே டூல்தான், என் கடைக்காரர்கள் தருகிற காசும் அதேதான். இப்போது ஆறு பக்கம் பார்ப்பதால் திரும்பக் கட்டுகிறேன், ஒரு பக்கம் என்றால் கட்டமாட்டேன். வருடத்துக்குக் கட்டினால் மலிவு என்று காட்டுவார்கள், மூன்று மாதம் பாவித்துப் பார்க்காமல் அதற்குள் இறங்க வேண்டாம்.

பாமினியை விட்டவன்:

தமிழ் உடைவது டூலின் பிழை இல்லை அக்கா. பனர் அடிக்கிற கடையில் தந்த எழுத்தை அப்படியே எடுத்து ஒட்டுகிறீர்களா? அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துரு, உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை. படத்துக்குள் இருந்தால் வடிவாகத் தெரியும், போஸ்றில் ஒட்டினால் சட்டை கழன்றுவிடும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்டில் அடியுங்கள், பழையதை மாற்றித் தருகிற தளங்களும் இருக்கின்றன.

ரொறன்ரோவில் இருந்து:

நான் ஓடர் கொடுக்கிற பக்கத்து ஆள், அதனால் சொல்கிறேன். வேலை முடிந்து, பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு நான் போனை எடுக்க இரவு எட்டு மணி. உங்களுக்கு அப்போது விடிய ஐந்தரை, நவம்பரில் இங்கே மணிக்கூட்டை மாற்றியபிறகு ஆறரை. நீங்கள் நித்திரை என்று எனக்கும் தெரியும், கோபமில்லை. ஆனால் "காலை ஏழு மணிக்குப் பதில் தருவோம், விலைப்பட்டியல் இதோ" என்று தானாக ஒரு பதில் வந்தால் நான் காத்திருப்பேன். வராவிட்டால் அடுத்த பக்கத்துக்கும் எழுதுவேன், அதற்கடுத்த பக்கத்துக்கும் எழுதுவேன், முதலில் பதில் போடுகிறவருக்குத்தான் ஓடர். உங்கள் போஸ்ற் எத்தனை மணிக்கு வருகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அம்மா படலையில் கேக்கோடு நிற்கிற படம் அனுப்புவீர்களா என்பதைத்தான் பார்ப்பேன்.

நல்லூரடி:

மேலே எல்லோரும் வட்ஸ்அப்பை விட்டுவிட்டீர்கள். காசு கைமாறுவது பேசி முடிக்கிற இடத்தில்தானே. சாதாரண வட்ஸ்அப்பில் இருந்தால் வட்ஸ்அப் பிஸ்னஸுக்கு மாறுங்கள், அதுவும் இலவசம். கேக் வகைகளை விலையோடு கட்டலொக்கில் போடலாம், அடிக்கடி எழுதுகிற பதில்களைச் சேமித்து வைக்கலாம், "காசு வந்தது", "விலாசம் இல்லை" என்று லேபிள் குத்தலாம், மேலே ரொறன்ரோவில் இருந்து கேட்ட தானாகப் போகிற பதிலும் அதிலேயே இருக்கிறது. போனைத் தவிர இன்னும் நாலு கருவிகளில் இணைக்கலாம், ஆகவே தங்கச்சியும் நீங்களும் போனுக்கு அடிபட வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். ஆயிரம் பேருக்கு ஒரே தட்டில் அனுப்பித் தருவோம் என்று மலிவாக விற்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. நான் ஒன்று வாங்கினேன், திருவிழாவுக்குக் கொடியேற முதல் எல்லோருக்கும் முட்டை போடாத கேக் பட்டியல் அனுப்பினேன், இரண்டாம் நாள் இலக்கத்தையே முடக்கிவிட்டார்கள். நல்லூரில் 25 நாள் திருவிழா, ஊரில் பாதி சைவம், எனக்கு வருடத்தில் நல்ல வியாபாரம் ஓடுகிற காலமே அதுதான், நான் புது இலக்கத்தை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோண்டாவில் கேக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே சூட்டில் இணைத்துவிட்டோம், இன்ஸ்ரகிராமை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வட்ஸ்அப் நாளைக்கு, தங்கச்சி கட்டலொக்குக்குப் படம் எடுக்க வேண்டுமாம், வெளிச்சம் காணாதாம். பஃபர் இப்போதைக்கு வேண்டாம், ரிக்ரொக்கை அவளே கையால் போடட்டும், அதில்தான் அவளுக்குச் சந்தோசம்.

ரிக்குவெஸ்ட் பகுதியைத் திறந்தோம், இன்னும் பதினொரு பேர் நிற்கிறார்கள். ஒருவர் போன வருடம் ஆவணியில் முட்டை போடாத கேக் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். இப்போது பதில் போட்டால் ஏசுவாரோ?