‘எங்க ஊரைத் திற’ன்னு பஞ்சாயத்து கேக்கலாமா, கூடாதா? (ஆகஸ்ட் 2021)

எல்லைக்கோடு:
போன திரியில் பொள்ளாச்சி சந்தை எழுதினதை அப்படியே ஒட்டறேன்: “பஞ்சாயத்து பஞ்சாயத்தாத் திறந்துவிட்டதாலதான் கேரளாவுல இன்னும் கொரோனா அடங்கல. எங்க ஊரைத் திறன்னு உள்ளாட்சிகள் கேக்கறதையே தடை பண்ணணும்.”

படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் 4 வரைக்கும் எங்க கேரளாவுல எந்தப் பஞ்சாயத்தும் தன்னிஷ்டத்துக்கு ஊரடங்கைத் தளர்த்தித் திறக்கல. திறந்ததும் மூடினதும் டிபிஆர் (டெஸ்ட் பாசிட்டிவிட்டி ரேட்). டெஸ்ட் எடுத்த நூறு பேர்ல எத்தனை பேருக்குப் பாசிட்டிவ்ங்கற அந்த ஒரே எண்.

50 பேருக்கு டெஸ்ட், 8 பேருக்குப் பாசிட்டிவ். 16 சதவீதம். இந்த எண்ணை வச்சுத்தான் ஊர்களை ஏ, பி, சி, டின்னு பிரிச்சாங்க; ஜூலை விதிப்படி 15-ஐத் தாண்டினா டி பிரிவு, ஊரே பூட்டு. பக்கத்துப் பஞ்சாயத்துல 200 பேருக்கு டெஸ்ட், 16 பாசிட்டிவ். 8 சதவீதம், பி பிரிவு. துணிக்கடையும் பாத்திரக்கடையும் திங்கள், புதன், வெள்ளி திறக்கலாம். நோயாளி ரெண்டு மடங்கு இருக்கற ஊர் திறந்து கெடக்குது, பாதி இருக்கற ஊர் பூட்டிக் கெடக்குது. யாரை டெஸ்ட் பண்ணினாங்க? இதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் தடை பண்ணுங்க.

பொள்ளாச்சி சந்தை:
டெஸ்ட், டெஸ்ட்னு கத்த வேண்டாம். நான் சொன்னது ஆள் நடமாட்டத்தை. ஒரு பஞ்சாயத்து மூடி, அடுத்தது திறந்திருந்தா மூடின ஊர் ஜனம் எங்க போகும்? அங்கதான். டி பிரிவு ஊர்க்காரன் பி பிரிவு ஊர்க் கடையில நிப்பான். அதுவும் மூடினா எல்லையில இருக்கற கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியா தமிழ்நாட்டுக்கு, எங்க பக்கம் வருவான். வைரஸ் பஞ்சாயத்து எல்லைக் கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகாதுங்க.

கோயம்பேடு மறந்து போச்சா? 2020 மே 5-ல மூடறதுக்குள்ள அங்க மூட்டை தூக்கினவங்க ஊர் திரும்பி, கடலூர், விழுப்புரம், அரியலூர்னு எண்ணிக்கை எகிறிச்சு. ஒரே ஒரு சந்தை, அவ்வளவுதான்.

எல்லைக்கோடு:
கோயம்பேட்டை யாரும் ‘பகுதிவாரியா’த் திறக்கல. ஊரடங்கு முழுக்க அத்தியாவசியம்னு அதுதான் திறந்திருந்தது. நாலு பக்கச் சரக்கையும் ஒரே இடத்துல குவிச்சா அப்படித்தான் ஆகும். திருமழிசைக்கு மாத்தின பிறகு என்ன பண்ணினாங்க? இடம் விட்டுக் கடை போட்டாங்க. நான் கேக்கறதும் அதைத்தான்: கூட்டத்தைப் பிரிச்சு விடுங்க.

வாரம் முழுக்க 600 பேர் வர்ற துணிக்கடையை ஆறு நாள் திறந்தா நாளைக்கு 100 பேர். மூணு நாள்னா 200. சி பிரிவுல கல்யாணத் துணி எடுக்க வெள்ளிக்கிழமை மட்டும்தான் திறந்தாங்க. 600-ல பாதி வந்தாலும் ஒரே நாள்ல 300. ஆகஸ்ட் 5-லிருந்து 25 சதுர அடிக்கு ஒருத்தர்ங்கறாங்க. 10-க்கு 20 கடையில 8 பேர். மீதி ஜனம் வாசல்ல, வெயில்ல, ஒருத்தர் மேல ஒருத்தர். பரவறது உள்ளேயா, அந்த வரிசையிலயா?

என் கேள்வி அப்படியே நிக்குது. யாரை டெஸ்ட் பண்ணினாங்க?

ஆய்வுக்கூடம்:
எல்லைக்கோடு அண்ணா, அந்த 50/8 உதாரணம் சரிதான். ஆனா அதை வச்சுக்கிட்டு டிபிஆரே பொய்ன்னு சொல்றது தப்பு. காய்ச்சல், இருமலோட வர்றவங்களை மட்டும் டெஸ்ட் பண்ணினா எண் ஏறும். ஆட்டோ ஸ்டாண்டு, கடைவீதின்னு நல்லா இருக்கறவங்களைக் கூட்டி முகாம் போட்டா எண் இறங்கும். அந்த முகாம்ல உடனே ரிசல்ட் சொல்ற ஆன்டிஜென் கிட்டை வச்சா இன்னும் இறங்கும், ஏன்னா அறிகுறி இல்லாதவங்க கிட்ட அது பல பேரைத் தவறவிடும். லேப்ல பண்ற ஆர்டிபிசிஆர் டெஸ்ட் அவ்வளவா விடாது. அதனால ரெண்டையும் கலந்து ஒரே சதவீதம் போட்டு ஊருக்கு ஊர் ஒப்பிடக் கூடாது. ஒரே ஊரை ஒரே முறையில வாராவாரம் பார்த்தா டிபிஆர் நல்ல கருவி.

இன்னொன்னு, கேரளாவுல எண்ணிக்கை அடங்காததுக்குப் பஞ்சாயத்தைக் காரணம் சொல்றது அபத்தம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நாலாவது ரத்த மாதிரி ஆய்வுல கேரளாவுல 44.4 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்பணு இருந்தது. தமிழ்நாட்டுல 69.2. இன்னும் வராதவங்க அங்க அதிகம், அதான் இன்னும் வருது.

எல்லைக்கோடு:
‘நல்ல கருவி’யா? அந்தக் கருவியோட கோட்டை எத்தனை தடவை நகர்த்தினாங்க? டி பிரிவுக்கு முதல்ல 30, அப்புறம் 24, அப்புறம் 18, அப்புறம் 15. எல்லாம் மூணே வாரத்துல. ஊர்ல ஒரு நோயாளி கூடாமலே பிரிவு மாறிப் போச்சு. துணிக்கடைக்காரன் ஓணத்துக்குச் சரக்குப் போடறதா வேண்டாமான்னு எதை வச்சு முடிவு பண்ணுவான்?

இப்ப டிபிஆரைத் தூக்கிட்டு வேற கணக்கு. வாரத்துல ஆயிரம் பேருக்கு எத்தனை தொற்று, 10-ஐத் தாண்டினா முழுப் பூட்டு. 30,000 பேர் இருக்கற பஞ்சாயத்துல வாரத்துக்கு 300. இதுல ஓட்டை தலைகீழா இருக்குது. டிபிஆர்ல நல்லா இருக்கறவனையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வந்தா ஊர் திறக்கும். இப்ப டெஸ்டே எடுக்காம விட்டா ஊர் திறந்திருக்கும். ரெண்டுலயும் சாவி ஒண்ணுதான்: யாரை டெஸ்ட் பண்ணினாங்க!

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. நகராட்சிக்கு வார்டு கணக்கு, பஞ்சாயத்துக்கு மொத்த ஊர்க் கணக்கு. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சியில ஒரு வார்டுல தொற்று கூடினா அந்த வார்டு மட்டும் அடையும். கொழிஞ்சாம்பாறையோ வடகரப்பதியோ 10-ஐத் தாண்டினா, தொற்று ஒரு மூலையில இருந்தாலும் மொத்தப் பஞ்சாயத்தும் பூட்டு. அந்த மூலைக்கும் கடைவீதிக்கும் நடுவுல வெறும் தென்னந்தோப்பா இருந்தாலும் பூட்டுதான். எங்களுக்கும் வார்டு வாரியாப் போடுன்னு பஞ்சாயத்து கேட்டா அது குத்தமா?

பொள்ளாச்சி சந்தை:
வார்டு வாரியா, தெரு வாரியா, வீடு வாரியா... அப்புறம் ஆளுக்கு ஒரு பூட்டு குடுத்திடலாம். பக்ரீத்துக்கு உங்க கேரளாவுல ஜூலை 18-லிருந்து 20 வரைக்கும் தளர்வு குடுத்தாங்களே, அது எந்தக் கணக்குல? டி பிரிவுல கூட ஒரு நாள் கடை திறந்துச்சு. உச்ச நீதிமன்றமே கண்டிச்சுது. வியாபாரிகள் அழுத்தம் குடுத்தாக் கணக்கு காத்துல பறக்கும். உள்ளாட்சி கேக்கறதும் அதே அழுத்தம்தான்.

மீனாட்சிபுரம் ரயிலடி:
பொள்ளாச்சி சந்தைக்குக் கேரளான்னாலே ஆகாது. ஆழியாறு தண்ணிப் பேச்சு வந்தப்பவும் இதே குரல்தான். மணக்கடவுல தமிழ்நாடு கேரளாவுக்கு வருசத்துக்கு 7.25 டிஎம்சி குடுக்கணும்னு ஒப்பந்தம், அதையும் ‘அழுத்தம்’னு சொன்னவர் இவர்.

பொள்ளாச்சி சந்தை:
தண்ணியை ஏன் இங்க இழுக்கறீங்க? இழுத்தாச்சு, சொல்றேன். அணையில தண்ணி இருந்தாத்தான் குடுக்க முடியும். மழை பொய்ச்ச வருசத்துலயும் கணக்கு மாறாம வேணும்னு நிக்கறது யாரு?

மீனாட்சிபுரம் ரயிலடி:
ஒப்பந்தத்துல ‘மழை பெஞ்சா’ன்னு எழுதியிருக்கா? காட்டுங்க.

நெறியாளர்:
தண்ணீர்ப் பேச்சுக்குத் தனித் திரி இருக்கிறது. அங்கே போகவும்.

ஒப்பணக்காரத் தெரு:
கோயமுத்தூர் பக்கத்தையும் சொல்லணும். ஜூன்ல தமிழ்நாட்டை மூணு வகையாப் பிரிச்சப்போ கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எல்லாம் முதல் வகை. சென்னையில கடை திறந்த பிறகும் இங்க திறக்கல. ஜூலை 5-லதான் எல்லா மாவட்டமும் ஒண்ணாச்சு. ஒரு மாவட்டம் முழுக்க ஒரே தராசு. வால்பாறை எஸ்டேட்டும் காந்திபுரமும் ஒண்ணா? பகுதிவாரித் திறப்பு தப்பில்லீங்க. பகுதியை எவ்வளவு பெருசா வெட்டறோம்ங்கறதுதான் தப்பு. ஜூலை 31-லிருந்து சென்னையில ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசலான இடங்களை மட்டும் மூடினாங்களே, அது அளவான வெட்டு.

ஆய்வுக்கூடம்:
வெட்டு சின்னதாகச் சின்னதாக எண் ஆடும். 1,500 பேர் இருக்கற வார்டுல 16 தொற்று வந்தா 10-ஐத் தாண்டியாச்சு. ரெண்டு கூட்டுக் குடும்பம் போதும். இந்த வாரம் பூட்டு, அடுத்த வாரம் திறப்பு, அதுக்கடுத்த வாரம் பூட்டு. திங்கள் எடுத்த சாம்பிளுக்கு புதன் ரிசல்ட் வந்தா எந்த வாரத்துல சேரும்? சாம்பிள் எடுத்த இடத்தை எழுதறாங்களா, ஆள் குடியிருக்கற வார்டை எழுதறாங்களா? பாலக்காட்டு ஆஸ்பத்திரியில குடுத்த சாம்பிளுக்கு விலாசம் மாறி விழுந்தா ஒரு வார்டு அநியாயமா மூடும். வார்டு கேக்கற பஞ்சாயத்து இந்தப் பதிவேட்டை முதல்ல ஒழுங்குபடுத்தட்டும்.

எல்லைக்கோடு:
பதிவேடு எங்க கையில இல்லை தம்பி, சுகாதாரத் துறை கையில. சாவி அவங்க கிட்ட, பழி எங்க மேல.

எல்லையைப் பாருங்க. ஆகஸ்ட் 5-லிருந்து தமிழ்நாட்டுக்குள்ள வர 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த ஆர்டிபிசிஆர், இல்லேன்னா ரெண்டு ஊசியும் போட்டு 14 நாள். கோவிஷீல்டு ரெண்டு ஊசிக்கும் நடுவுல 84 நாள். ஜூன் 1-ல முதல் ஊசி போட்டவனுக்கு ரெண்டாவது ஆகஸ்ட் 24, அதுக்கு மேல 14 நாள்னா செப்டம்பர் 7. அது வரைக்கும் வேலந்தாவளத்துலயிருந்து தினம் கோவைக்கு வேலைக்குப் போறவன் வாரத்துக்கு ரெண்டு, மூணு டெஸ்ட் எடுக்கணும். தனியார் லேப்ல ஒண்ணுக்கு 500 ரூபாய். ரிசல்ட் வரவே ஒரு நாள் போயிடும், அதனால 72 மணி நேரமும் கைக்கு வராது. அதே ஆள் முதல் ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆயிட்டா கேரளாவுல கடைக்குள்ள போகலாம். ஒரே உடம்பு, வாளையார்ல ரெண்டு விதி!

பொள்ளாச்சி சந்தை:
ரெண்டு விதி இருக்கறதாலதான் எங்க பக்கம் கட்டுப்பாட்டுல இருக்கு.

எல்லைக்கோடு:
கட்டுப்பாடா? எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்துட்டு அப்படிச் சொல்றீங்க? கிணத்துக்கடவு, ஆனைமலைக்கு ஒன்றிய வாரியா எண்ணிக்கையைப் போடுங்க. மாவட்டத்துக்கு ஒரே எண் போட்டா உள்ளே எந்த ஊர் எரியுதுன்னு யாருக்குத் தெரியும்? எங்க பக்கம் ஓட்டையோட ஒரு கணக்காவது பஞ்சாயத்து வரைக்கும் வருது.

பொள்ளாச்சி சந்தை:
முதல்ல நீங்க கோயம்பேட்டுக்கு ஒழுங்காப் பதில் சொல்லுங்க.

எல்லைக்கோடு:
சொல்லியாச்சு, மேல போய்ப் படிங்க. நீங்கதான் 50-க்கு 8 பெருசா, 200-க்கு 16 பெருசான்னு இன்னும் சொல்லல.

மீனாட்சிபுரம் ரயிலடி:
7.25 டிஎம்சிக்கும் சொல்லல.