நாற்பதை நெருங்கும் வயதில் சிலம்பம்: கம்பை எப்போது கையில் தர வேண்டும்?

செந்தூல்வாசி: நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருக்கும் வேலை எனக்கு. நாற்பதை நெருங்கும்போது சிலம்ப வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஆசான் இதுவரை கம்பைத் தொடவிடவில்லை. காலடி, தோப்புக்கரணம், முழங்காலை மடக்கி நிற்பது, இவ்வளவுதான். மறுநாள் எல்ஆர்டி ரயில் நிலையத்தில் படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த முறை பொருந்துமா?

கம்புக்கூடம்: பொருந்தும். நெற்றி உயரக் கம்பு என்றால் சுமார் 5 அடி இருக்கும். கால் பழகாதவர் அதைச் சுழற்றினால், எதிராளிக்கு முன்பாக அவருடைய சொந்தக் கணுக்காலும் காதும்தான் அடி வாங்கும். எந்தச் சுற்றுக்கு எந்தக் கால் பின்வாங்க வேண்டும் என்பது யோசிக்காமலே வர வேண்டும். அது வராமல் கம்பு பிடித்தவர்களை ஆண்டுவிழா மேடைகளில் நிறையப் பார்க்கிறோம். நின்ற இடத்தில் அழகாகச் சுழற்றுவார்கள். எதிரே ஒருவர் கம்போடு வந்து நின்றால் விலகத் தெரியாது.

பிறைக்கரை: நண்பர் சொல்வது பத்து வயதில் சேரும் பிள்ளைகளுக்குச் சரி. செந்தூல்வாசியின் நிலை வேறு. தசை சில வாரங்களிலேயே பழக்கத்துக்கு வந்துவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு அதைவிட நெடுங்காலம் பிடிக்கும். பல மாதம் கால்களை மட்டும் பழக்கிவிட்டு, பிறகு ஒரு நாள் கம்பைக் கொடுத்து ஒரு மணி நேரம் சுழற்றச் சொன்னால், தொடை தாங்கும், மணிக்கட்டும் தோளும் தாங்கா. முதல் வகுப்பிலிருந்தே பத்து நிமிடம், அதுவும் சற்றுக் குட்டையான கம்பு கொடுப்பதே நல்லது. அதே தடிமனுள்ள கம்பின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே, நடுவில் பிடித்து அதே வேகத்தில் சுழற்றக் கை கொடுக்க வேண்டிய விசை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

கம்புக்கூடம்: கணக்கில் குறையில்லை. ஆனால் சிலம்பத்தில் தூரம்தான் எல்லாம். குட்டைக் கம்பில் பழகிய கை, பிறகு முழுக் கம்பை எடுத்ததும் தரையைத் தட்டும், எட்ட நிற்க வேண்டிய இடத்தில் ஒட்டி நிற்கும். அந்தப் பழக்கத்தைத் திருத்துவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். பாரம்தான் கவலை என்றால் நீளத்தில் கை வைக்காமல் மெல்லிய பிரம்பாகத் தேர்ந்தெடுக்கலாம். நம் நாட்டில் பிரம்புக்கா பஞ்சம்? மூங்கில் உள்ளே கூடாக இருப்பதால் மோதும்போது பிளந்து சிம்பு கிளம்பும். பிரம்பு உள்ளே நிறைவாக இருப்பதால் நார் நாராகப் பிய்யுமே தவிர அப்படிப் பிளவாது. புதியவர் கைக்கு அதுவே பாதுகாப்பு.

பிறைக்கரை: மெல்லிய பிரம்பு என்றால் எனக்கு மறுப்பில்லை. அப்படியானால் அதை முதல் வகுப்பிலேயே கொடுக்க என்ன தடை என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. செந்தூல்வாசிக்கு ஒன்று: தொடை முழுவதும் பரவலாக வலித்து, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணிந்தால் அது பழகாத தசையின் வலி. முழங்கால் சிப்பிக்குக் கீழே ஒரே புள்ளியில், வகுப்புக்கு வகுப்பு கூடிக்கொண்டே போனால் அது வேறு. ஆசான் மீதுள்ள மரியாதையால் பலர் அதை மறைத்து, கடைசியில் வகுப்பையே விட்டுவிடுகிறார்கள்.

செந்தூல்வாசி: வலிப்பது தொடைதான். மெல்லிய பிரம்பைப் பற்றி ஆசானிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

கம்புக்கூடம்: முதல் வகுப்பில் தந்தால் கண் முழுவதும் கம்பின் மேல்தான் இருக்கும், கால் நின்றுவிடும்; தடை அதுதான். இருந்தாலும் கேளுங்கள். ஆனால் வகுப்பு முடிந்த பிறகு தனியாகக் கேளுங்கள். மற்ற மாணவர்கள் முன்னால் கேட்டால், தர நினைத்திருந்த ஆசானும் தரமாட்டார்.